கடைசி வீட்டுத் துவாரம்

இது நடந்தது. கதை கட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம். பச்சையம்மாவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவள் பொய்யே சொல்லாதவள் என்றும் சொல்ல வரவில்லை. நன்றாகவே சொல்வாள். நேற்றுப் பிடித்த மீனை இன்று பிடித்தது என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து விற்ற வாய் அது. ஆனால் இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். கேட்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். எத்தனை தரம் கேட்டாலும் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்பிக்கொண்டு பகலில் தைரியமாகத் திரிகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இது நடந்தது பட்டப்பகலில். இரும்புப் பட்டறையின் பன்னிரண்டு மணிச் சங்குக்கும் இரண்டு மணிச் சங்குக்கும் நடுவில்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கும் ஒரு பெரிய குட்டைக்கும் நடுவில், சுப்பராயன் என்பவர் வரிசையாக ஆறு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். செங்கல் சுவர், மேலே ஓலை இல்லாத மெத்தைத் தளம். அதில் கடைசி வீட்டில் பச்சையம்மாவின் தங்கை ரத்னா ஆண் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவள் புருஷன் ராஜவேலு வார்ப்புப் பட்டறையில் இரும்பு உருக்குகிறவன். தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து படகு ஏறி, பஸ் ஏறி வந்தவள்தான் பச்சையம்மா.

வந்தவள் பயந்துகொண்டேதான் வந்தாள். காரணம் உண்டு. ரத்னாவின் முதல் பிரசவம் குப்பத்தில், பச்சையம்மாவின் குடிசையில் நடந்தது. பெண் குழந்தை. அதுவும் மழைக்காலம்தான். ஒரு விடியற்காலை குழந்தைக்கு மூச்சு இழுத்தது. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். பச்சையம்மா தட்டியைச் சரியாகச் சாத்தாமல் தண்ணீருக்குப் போனாள், அந்தக் குளிர்தான் குழந்தையைக் கொண்டுபோயிற்று என்று குப்பமே வாய் வலிக்கப் பேசியது. ரத்னா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்று பச்சையம்மாவுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால் தங்கை முகத்தில் அவளால் விழிக்க முடியாது. பின்னால் இருக்கிற குட்டையில் விழ வேண்டியதுதான்.

அதனால் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டாள். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் இடத்தில் நெருப்பு அணையக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். ஓலைக் குடிசையில் எத்தனை கோணியை அடைத்தாலும் ஏதாவது ஒரு கீற்று வழியாகக் காற்று புகுந்துகொண்டேதான் இருக்கும்; நெருப்பு இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் விறைத்துப் போவார்கள். இந்த வீடு அப்படி இல்லை. ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டே துவாரம். ஒன்று மேலே, மெத்தைத் தளத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு தேங்காய் நுழையும் அளவு. இன்னொன்று கீழே, குளிக்கிற மூலையில் தண்ணீர் வெளியேறும் தூம்பு. இரண்டையும் அடைத்துவிட்டால் வீடு பெட்டி மாதிரி ஆகிவிடும் என்று பச்சையம்மா சந்தோஷப்பட்டாள். இப்படி ஒரு வீடு அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பெண் குழந்தை பிழைத்திருக்குமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் சவுக்குக் கட்டையைத்தான் மூட்டினாள். புகை மண்டியது, பிள்ளை இருமியது. ராஜவேலு அதற்கும் வழி செய்தான். மறுநாள் சாப்பாட்டுப் பையில் பட்டறைக் கரியைக் கொண்டுவந்து கொட்டினான். பாதி எரிந்த கோக் கரி.

"அக்கா, இது இரும்பையே தண்ணியாக்குது. ஊட்ட சூடாக்காதா? பொக இன்ற பேச்சே கெடையாது."

"அப்போ கொயந்திக்கு இதான் லாயக்கு" என்றாள் பச்சையம்மா.

தகர வாளியில் களிமண் பூசி ராஜவேலு செய்து கொடுத்த அடுப்பில் அந்தக் கரி சத்தமில்லாமல் சிவந்து எரிந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை. பழைய புடவைத் துணியைச் சுருட்டி மேல் துவாரத்தில் திணித்தாள். தூம்பில் கோணியை வைத்து அழுத்தினாள். வாசற்படியில் வேப்பிலையும் அரிவாளும் போட்டாள். இனிக் குளிரும் வராது, வேறு எதுவும் அண்டாது.

பக்கத்து வீட்டு மேரி தினமும் கஞ்சியோ ரசமோ கொண்டுவருவாள். அவள் புருஷன் தாவீதும் ராஜவேலுவோடு பட்டறையில் வேலை. மேரி நல்ல பெண்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் வந்தால் மட்டும் உட்கார மாட்டாள். அன்று நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா பச்சையம்மா, மேல அத்த அடைச்சிட்ட?"

"பச்ச ஒடம்பு. பனி ஆவாது."

"கொஞ்சம் தொறந்தே வுடேன்."

"ஏன்?"

 மேரி கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணு வைக்கிறாள் என்று பச்சையம்மா மனசுக்குள் கறுவிக்கொண்டு, அவள் போனதும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலையில் துணி கீழே கிடந்தது.

எலி என்று நினைத்தாள். மறுபடியும் சுருட்டி, உலக்கையின் முனையால் இடித்துத் திணித்தாள். அடுத்த நாளும் கீழே கிடந்தது. இந்தத் தடவை ஒரு வித்தியாசம். துணி சுருண்டு கிடக்கவில்லை. நாலாக மடித்து வைத்திருந்தது. துவைத்த துணியைப் பெண்கள் மடிப்பார்களே, அந்த மடிப்பு. தூம்பிலிருந்த கோணியும் எடுத்து ஓரமாக வைத்திருந்தது. எலி எங்கே துணி மடிக்கும்? ரத்னாவைக் கேட்டாள். ரத்னா எழுந்திருக்கவே இல்லை என்றாள். ராஜவேலுவைக் கேட்டாள். அவன் சிரித்தான்.

"தூக்கத்துல நீயே செஞ்சிருப்ப அக்கா."

பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.  யாரோ குளிரை உள்ளே விடப் பார்க்கிறார்கள். யாரோ இந்தப் பிள்ளையைக் கேட்கிறார்கள். முதல் பிள்ளையைக் கொண்டுபோனது போதாதா? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். துணியை இன்னும் இறுக்கமாகத் திணித்தாள். கரியை இன்னும் அதிகமாகப் போட்டாள். தலை விண் விண் என்று தெறித்தது. தூக்கம் கெட்டதால் என்று நெற்றியில் சுக்கு அரைத்துப் போட்டுக்கொண்டாள். ரத்னாவும் சோர்ந்து சோர்ந்து விழுந்தாள்.

"அக்கா... யாரோ நெஞ்சு மேல ஒக்காந்துகினு கீற மாதிரி கீது."

 பச்சையம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அது வந்துவிட்டது.

புயல் வந்தது அதற்கு அடுத்த நாள். விடியும்போதே வானம் கறுத்திருந்தது. ராஜவேலு தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று. காற்று மேற்கிலிருந்து அடித்தது, பிறகு வடக்கிலிருந்து அடித்தது. ரயில் எதுவும் வரவில்லை. குட்டை நிறைந்து பின் சுவரைத் தொட்டது. பன்னிரண்டு மணிச் சங்கு மழைக்குள் எங்கோ தூரத்தில் கேட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குள் அரிக்கேன் விளக்கு இல்லாமல் கை தெரியவில்லை.

பச்சையம்மா ரத்னாவுக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் ஊட்டினாள். பிள்ளையைத் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். வாளி அடுப்பு நிறையக் கரி போட்டு, அது சிவக்கும்வரை விசிறினாள். கதவைச் சாத்தித் தாழ்க்கட்டையைக் குறுக்கே போட்டாள். ஜன்னலின் இடுக்குகளில் துணி. தூம்பில் கோணி, அதன் மேல் அம்மிக்கல். மேல் துவாரத்தில் துணி. எல்லாம் சரி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணி அசைந்தது.

காற்று என்று நினைத்தாள். வெளியிலிருந்து காற்று தள்ளினால் துணி ஒரே தள்ளாகத் தள்ளி விழ வேண்டும். இது அப்படி இல்லை. மெல்லத் திரும்பியது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். யாரோ பிடித்துத் திருகி எடுக்கிறது மாதிரி. பிறகு வெளியே வந்தது. முழுசாக வந்தது.

விழவில்லை... இறங்கியது.

ஆள் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிற வேகத்தில் சுவரோரமாக இறங்கித் தரைக்கு வந்தது. தரையில் பரவியது. ஒரு முனை எழுந்து மறு முனையின் மேல் படிந்தது.

 வேறு யாராவது என்றால் அப்போதே கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார்கள். பச்சையம்மா ஓடவில்லை. பயத்துக்கு மேல் கோபம் வந்தது.

"இன்னாடி வோணும் ஒனக்கு? கொயந்தியா வோணும்? என்னைத் தாண்டி எட்றி பாப்போம்!"

அடுப்புக்குப் பூசியதில் மிச்சமிருந்த களிமண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். துணியைத் துவாரத்தில் திணித்து, அதன்மேல் களிமண்ணை அப்பி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சுவரோடு சுவராகப் பூசினாள். கையில் வெளிக்குளிர் படுவது நின்றது. இப்போது எடு பார்க்கலாம்.

அண்டாவிலிருந்து இறங்கும்போது தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாயில் எச்சில் ஊறியது, குமட்டியது. பாயில் பார்த்தாள். ரத்னா வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. பிள்ளையும் தூங்கியது. பாலுக்கு அழுகிற நேரம் தாண்டியும் அழவில்லை. நெருப்பின் சூடு ஒத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டாள்.

கொஞ்ச நேரம் போயிற்று.

விளக்கு சின்னதானது. திரியைத் தூண்டினாள். எண்ணெய் நிறைய இருந்தது. சுடர் ஏறவில்லை. திரியை ஒட்டிக்கொண்டு கீழேயே நின்றது.

அப்போது மேலே சத்தம் கேட்டது.

கிர்ர்... கிர்ர்...

களிமண்ணைப் பிராண்டுகிற சத்தம். பொட்டென்று ஒரு கட்டி விழுந்தது. மறுபடியும் பிராண்டல். இந்தத் தடவை வேகமாக. பத்து விரலாலும் பிராண்டுகிறது மாதிரி. ஆனால் அங்கே விரல் இல்லை. கை இல்லை. ஆள் இல்லை.

பச்சையம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். கால் தனக்குச் சொந்தமில்லாதது மாதிரி இருந்தது.

பிராண்டல் நின்றது.

டொக்... டொக்...

கதவு.

இந்தப் புயலில் யார்? ராஜவேலு வந்தால் கத்துவான். மேரி வந்தால் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

"அக்கா... கதவத் தொற."

பெண் குரல். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இந்தக் குரல் கத்தவில்லை. மெல்லப் பேசியது. ஆனாலும் பளிச்சென்று கேட்டது.

பச்சையம்மா வாயைத் திறக்கவில்லை. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் வெளியிலிருந்து குரல் வந்தால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் மனுஷர். பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. குப்பத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"அக்கா... கதவத் தொற."

இரண்டு.

காத்திருந்தாள். அடுப்புக் கரி ஒன்று உடைந்து உள்ளே சரிந்தது. விளக்கு நீல நிறமாகி ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கியது. வெளியே மூன்றாவது குரல் இல்லை.

போய்விட்டது. பேய்தான். போய்விட்டது. பச்சையம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போது மூன்றாம் தரம் கேட்டது.

"அக்கா... கதவத் தொற."

வெளியிலிருந்து இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து.

பாயிலிருந்து... பிள்ளை கிடக்கிற பக்கத்திலிருந்து.

ரத்னாவின் குரல். வெளியே இரண்டு தரம் கூப்பிட்டதும் இதே குரல்தான். பச்சையம்மா தூக்கி வளர்த்த தங்கையின் குரல், அவளுக்குத் தெரியாதா? தவழ்ந்து போனாள். விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

ரத்னாவின் வாய் மூடியிருந்தது.

"தொற..."

உதடு அசையவில்லை.

குரல் மட்டும் வந்தது.

"தொற... தொற... தொற..."

பச்சையம்மா என்ன செய்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. வீட்டுக்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான் புத்தியில் நின்றது. வெளியே புயல் இருந்தால் என்ன, குளிர் இருந்தால் என்ன, உள்ளே இருக்கிற அதனிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தாள். பிள்ளையின் தலை துவண்டு தொங்கியது. தாழ்க்கட்டையை உருவி எறிந்தாள். கதவு காற்றில் பறந்து சுவரில் மோதியது. பாயின் நுனியை ஒரு கையால் பிடித்து ரத்னாவோடு சேர்த்து இழுத்தாள். வேப்பிலையையும் அரிவாளையும் மிதித்துக்கொண்டு, வாசல் தாண்டி, மழையில் விழுந்தாள்.

பிள்ளை அழவில்லை.

மழை அதன் முகத்தில் அடித்தது. அழவில்லை. "நைனா... நைனா..." என்று பச்சையம்மா அலறினாள். பிள்ளையைக் குலுக்கினாள். அப்படி ஒரு பயம் அதுவரை அவள் பட்டதில்லை. பேயைப் பார்த்தபோதுகூட இல்லை. அன்றைக்கு நான்தான், இன்றைக்கும் நான்தான், நானேதான் கொன்றுவிட்டேன் என்று ஒரே நினைப்பு.

பிள்ளை ஒரு தரம் விக்கியது. வாயைத் திறந்தது. வீறிட்டு அழுதது.

அந்த அலறலையும் அழுகையையும் கேட்டுத்தான் மேரியும் தாவீதும் ஓடிவந்தார்கள். புயலால் அன்று தாவீது வேலைக்குப் போகவில்லை. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து வாளி அடுப்பை எடுத்து வெளியே வீசினான். அவன் பட்டறைக்கு ஓடி, ராஜவேலு லாரி பிடித்து வந்தபோது இரண்டு மணிச் சங்கு ஊதியது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நெருப்பு எரியறதுக்குக் காத்து வேணும்மா. மூடின ரூம்ல அது உங்க காத்தைத் தின்னுட்டு விஷத்தைக் கக்கும். இந்தக் கரி வாசனையும் காட்டாது, புகையும் காட்டாது. மேல ஒரு வழி, கீழ ஒரு வழி தொறந்திருக்கணும். ரெண்டையும் நீங்களே அடைச்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மூணு பேரையும் பொணமாத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. கதவைத் தொறக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?"

பச்சையம்மா தரையைப் பார்த்தாள். பிறகு துணி இறங்கியதையும் குரல் கேட்டதையும் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. விஷக் காற்று தலைக்கு ஏறினால் இல்லாதது தெரியும், இல்லாதது கேட்கும் என்றார். படித்தவர் சொல்கிறார். பச்சையம்மாவுக்கு அதை நம்ப ஆசையாகவே இருந்தது. எல்லாம் மயக்கம் என்று ஆகிவிட்டால் எவ்வளவு நிம்மதி! தானே அடைத்தோம் என்கிற குற்றம் மட்டும்தான் மிச்சம். அதைச் சுமந்துகொள்ளலாம், பிள்ளைதான் பிழைத்துவிட்டதே.

பொழுது சாயும்போது ரத்னா கண் விழித்தாள். பிள்ளையைக் கேட்டுக் கை நீட்டினாள். பால் கொடுத்தாள். சிரித்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, குரல் இல்லை. டாக்டர் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். புண் இல்லை, வீக்கம் இல்லை. அதுவும் விஷக் காற்றால்தான் இருக்கும், தானாக வந்துவிடும் என்றார். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ராஜவேலு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். பிறகு ஒரு காலையில் மழை விட்டு வெயில் அடித்தபோது, பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த ரத்னா சாதாரணமாகத் தலையைத் திருப்பிக் கேட்டாள்:

"கதவத் தொறந்துட்டியா அக்கா?"

பச்சையம்மாவின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. ஏன் அப்படிக் கேட்டாய் என்றால் ரத்னாவுக்குத் தெரியவில்லை. எதுவும் ஞாபகம் இல்லை. சோறு சாப்பிட்டது வரைக்கும்தான் தெரியும் என்றாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் மறுபடியும் குடிபோகவில்லை. கவரைப்பேட்டையில் வேறு வீடு பார்த்தார்கள். சாமான்களை எடுக்க ராஜவேலுவும் பச்சையம்மாவும் மட்டும் வந்தார்கள். ராஜவேலு அண்டாமேல் ஏறி மேல் துவாரத்தைப் பார்த்தான். களிமண் நன்றாகக் காய்ந்திருந்தது. அதில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பள்ளம். பத்துக் கோடு. அவன் தன் விரல்களை வைத்துப் பார்த்தான். அவன் விரலுக்கு அந்தப் பள்ளங்கள் சின்னவை.

"அக்கா, நீ பிராண்டினியா?"

"நான் பூசனேன்" என்றாள் பச்சையம்மா. "பிராண்டல."

 அவன் சாமான்களை வண்டியில் ஏற்றப் போய்விட்டான். மேரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பச்சையம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டின் ஓரத்துக்குப் போனாள்.

"ஒனக்குத் தெரியும். இன்னா தெரியும், சொல்லு."

மேரி முதலில் மழுப்பினாள். பிறகு அழுதாள். பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றாள்.

"செம்பகம்னு ஒரு பொண்ணு. ஆர்.கே.பேட்டை பக்கம். புருசன் மில்லுல வாச்மேனு. ரெண்டு வருசம் முன்னாடி, மார்கயி மாசம். கொயந்த பொறந்து ஒரு வாரம்கூட ஆவல. குளுருதுன்னு அவளும் இதே கரியத்தான் மூட்டுனா. அதே ஓட்டைய அடைச்சா. ராவுல புருசனுக்கு டூட்டி. காலைல வந்து கதவ ஒடைச்சான்... அவ சொவத்தோரமா கெடந்தா. ஒரு கையி மேல தூக்கினாப்புலயே வெறைச்சிப் போச்சு. நகமெல்லாம் ரத்தம். கொயந்தயும் பாய்லயே செத்துக் கெடந்துச்சு."

 அந்தப் பெண்ணை நினைத்துப் பச்சையம்மாவுக்கு நெஞ்சு வெடித்தது. எடு பார்ப்போம் என்று தான் சவால் விட்டது இவளிடமா? குழந்தையைக் கேட்டு வந்தவள் என்று நினைத்தோமே, இவளா? கூடவே கோபமும் வந்தது.

"பக்கத்து ஊட்லதான இருந்தீங்க? ஒரே சொவுரு. அத்தினி நேரம் அந்தப் பொண்ணு கத்தியிருப்பாளே? ஒரு கொரலு கேக்கலியா ஒங்களுக்கு?"

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்டி கேக்கும் பச்சையம்மா? அவளுக்கு ஏது கொரலு? செம்பகம் பொறவி ஊமை."